டயானாவுக்கு என்ன சம்பளம்?

தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாபநாசம் பக்கம் கிராமம். தாளடி நடவு சமயம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. திண்ணையில் பெரியப்பா. ஊஞ்சலில் அக்கா பொண்ணு, மடியில் லேப்டாப். ஒன்பதாவது படிக்கிறாள். ஏதோ பழைய அமெரிக்க சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியப்பா எட்டிப் பார்த்த நேரம் பார்த்து, திரையில் கண்ணாடி போட்ட ஒரு ஆபீஸ் பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றினாள். பளீரென்று ஒரு வெளிச்சம். கண்ணாடியும் யூனிஃபார்மும் காணாமல் போய், நட்சத்திரம் போட்ட குட்டைக் கால்சட்டை, கையில் காப்பு, நெற்றியில் தங்கப் பட்டம்!

“கண்றாவி! ஜட்டியோட ஓடுறா பாரு. நீ வேற பக்கத்துலயே உக்காந்திருக்கியேடா...” இது எனக்கு. “சக்தின்னா என்னான்னு இவங்க நமக்குச் சொல்லித் தரணுமா? நம்மகிட்ட காளி இல்லையா, துர்க்கை இல்லையா?”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்: “காளி ஆபீசுக்குப் போவாங்களா தாத்தா?”

பெரியப்பா வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பாவை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. பெண் சூப்பர் ஹீரோ என்று யார் பேச்செடுத்தாலும், பட்டிமன்றப் பேச்சாளர் முதல் டி.வி. தயாரிப்பாளர் வரை எல்லோரும் வைத்திருக்கும் ரெடிமேட் பதில் அதுதான். ‘நம்மகிட்டதான் அம்மன் இருக்காளே!’ கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ இது நழுவிக்கொள்வதற்கு நாம் கண்டுபிடித்த வழி என்றுதான் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த சீரியல்.

‘வொண்டர் வுமன்’. 1975 நவம்பரில் ஏபிசி டெலிவிஷனில் முதல் படம் வந்தது. அது பிடித்துப்போய்த் தொடராகி, பிறகு சிபிஎஸ் சேனலுக்கு மாறி, 1979 வரை ஓடியது. கதாநாயகி லிண்டா கார்ட்டர். 1972-ல் அமெரிக்க அழகிப் பட்டம் வாங்கி உலக அழகிப் போட்டிக்குப் போனவர். முதல் சீசன் கதை 1942-ல் நடக்கிறது. ஆண்களே இல்லாத ஒரு தீவு. அங்கே விமானம் விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான் ஸ்டீவ் ட்ரெவர் என்ற அமெரிக்க மேஜர். அவனைக் கொண்டுபோய் விடுவதற்காகத் தீவின் இளவரசி வாஷிங்டன் வருகிறாள். துப்பாக்கிக் குண்டைக் கையில் போட்ட காப்பால் தட்டி விடுவாள். இடுப்பில் இருக்கும் தங்கக் கயிற்றில் ஒருத்தனைக் கட்டினால் அவனால் பொய் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத விமானம் வேறு வைத்திருக்கிறாள்.

சரி, இப்பேர்ப்பட்டவள் அமெரிக்கா வந்து என்ன செய்கிறாள்? டயானா பிரின்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதே ஸ்டீவ் ட்ரெவர் ஆபீசில் கடற்படை குமாஸ்தாவாகச் சேருகிறாள். ஃபைல் எடுத்துக் கொடுக்கிறாள், போன் எடுக்கிறாள். மேஜர் வாரா வாரம் நாஜிக்காரர்களிடம் மாட்டிக்கொள்வார். இவள் போய்க் காப்பாற்றுவாள். மேஜர் திரும்பி வந்து, வொண்டர் வுமனைப் பற்றி டயானாவிடமே வாய் ஓயாமல் புகழ்வார். எதிரில் நிற்பவள்தான் அவள் என்பது ஐயாவுக்குக் கடைசி வரை தெரியாது.

குழந்தைகள் சமாசாரம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் கணக்குப் பிள்ளையோ நர்ஸோ சத்துணவு அமைப்பாளரோ, வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணையும் கேட்டுப் பாருங்கள். ஆபீசைத் தூக்கி நிறுத்துவது யார், பேர் வாங்குவது யார் என்று சொல்வார்கள். அவர்களுக்கு இது கற்பனைக் கதை இல்லை. கண்ணுக்குத் தெரியாத விமானம் மட்டும்தான் கற்பனை.

இந்த சீரியல் சுலபமாக வந்துவிடவில்லை. 1967-ல் ‘பேட்மேன்’ தொடர் எடுத்த வில்லியம் டோசியர், வொண்டர் வுமனை எடுக்கலாமா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு சோதனைப் படம் எடுத்தார். எல்லி வுட் வாக்கர் நடித்தது. அதில் டயானாவுக்கு ஒரு அம்மா. உலகத்தையே காப்பாற்றப் போகிற மகளைப் பிடித்து வைத்துக்கொண்டு, இப்படி இருந்தால் எவன் உன்னைக் கட்டிக்கொள்வான் என்று புலம்புகிறார். டயானா கண்ணாடி முன்னால் போய் நிற்கிறாள். அதில் அவளுக்குத் தன் முகம் தெரியவில்லை, பேரழகி ஒருத்தி தெரிகிறாள். அதற்கு வேறொரு நடிகை. ஆக, பெண்ணுக்குச் சக்தி இருப்பதே ஒரு ஜோக், தன்னை அழகி என்று அவள் நினைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய ஜோக்! நல்லவேளை, அது ஒளிபரப்பாகவே இல்லை. அமெரிக்காக்காரன் எல்லாவற்றிலும் நமக்கு முன்னோடி என்கிறார்கள். கல்யாணப் புலம்பல் எபிசோடிலும் முன்னோடிதான்.

1974-ல் மறுபடி ஒரு டி.வி. படம். கேத்தி லீ கிராஸ்பி. பொன்னிற முடி, ஜிப் வைத்த முழு உடுப்பு. பெரிய சக்தியும் கிடையாது. வெறும் உளவாளி. எடுபடவில்லை. ஒரு வருஷம் கழித்து, பழைய காமிக்ஸ் பக்கத்தையே அப்படியே பிரித்து வைத்துக்கொண்டு எடுத்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. அந்தச் சுற்று இருக்கிறதே, அது லிண்டா கார்ட்டரே சொன்ன யோசனை. நாட்டியம் கற்றவர். சண்டைக் காட்சிகளில் அவருக்காக விழுந்து எழுந்தவர் ஜீனி எப்பர் என்ற ஸ்டண்ட் பெண்மணி. 2024-ல் காலமானார். டைட்டிலில் முகம் தெரியாத இன்னொரு டயானா.

காமிக்ஸில் அவள் பிறந்தது 1941-ல். உருவாக்கியவர் வில்லியம் மார்ஸ்டன் என்ற மனோதத்துவ நிபுணர். ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவர். உண்மையைக் கக்க வைக்கும் கயிறு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். காப்பு வந்தது வீட்டிலிருந்து. மனைவி எலிசபெத், கூடவே ஆலிவ் பைர்ன் என்ற பெண்மணி, இருவரோடும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார் மார்ஸ்டன். ஆலிவ் கையில் போட்டிருந்த வளையங்கள்தான் வொண்டர் வுமன் கைக்குப் போயின. மனிதரின் குடும்ப வாழ்க்கையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் பெண்கள் ஒருநாள் உலகத்தை ஆளுவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு, அதற்குப் பிரசாரமாகவே அவர் காமிக்ஸ் எழுதினார்.

அவரோடு தொழிலில் இருந்த மற்ற ஆண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே பதிப்பகத்தின் இன்னொரு தொடரில் எல்லா சூப்பர் ஹீரோக்களும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதில் வொண்டர் வுமனையும் சேர்த்தார்கள். என்ன பதவி? செகரட்டரி! ஆண்கள் சண்டைக்குப் போவார்கள், இந்தம்மா ஆபீசில் உட்கார்ந்து மினிட்ஸ் எழுத வேண்டும். 1968-ல் இன்னும் மோசம். சக்தி முழுவதையும் பிடுங்கிக்கொண்டு துணிக்கடை வைக்கச் சொல்லிவிட்டார்கள். 1972-ல் குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் ‘மிஸ்’ என்ற பெண்கள் பத்திரிகை ஆரம்பித்தபோது, ஜூலை இதழ் அட்டையில் பழைய வொண்டர் வுமனைப் போட்டு, ஜனாதிபதி ஆக்குங்கள் என்றார்கள். அடுத்த வருஷம் சக்தி திரும்பி வந்தது. டி.வி. தொடருக்குப் பாதை போட்டது அந்தச் சத்தம்தான் என்பது என் கணிப்பு. சும்மா யாரும் கொடுக்கவில்லை.

இப்போது பெரியப்பாவுக்கு நியாயம் செய்து விடுகிறேன். அந்த உடுப்பு சண்டை போட வசதியாகத் தைத்தது இல்லை, பார்க்கிறவன் வசதிக்குத் தைத்தது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 2016 அக்டோபரில் ஐ.நா. சபை வொண்டர் வுமனைப் பெண்கள் முன்னேற்றத்துக்கான கௌரவத் தூதராக அறிவித்தபோது, ஐ.நா. ஊழியர்களே எதிர்த்து நின்றார்கள். நிஜப் பெண் ஒருத்திகூடவா கிடைக்கவில்லை என்று கேட்டார்கள். டிசம்பரிலேயே அந்தப் பட்டம் முடிந்தது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான். போதாததற்கு தொடரில் அவள் பலம் இடுப்பு பெல்ட்டில் இருக்கிறது; கழற்றிவிட்டால் ஆள் அம்பேல். கொடுத்த கையாலேயே ஒரு கடிவாளமும் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும்... அவளுக்கு ஒரு வேலை இருக்கிறது. மேஜை இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார். சிபிஎஸ்ஸுக்குப் போனதும் கதையை எழுபதுகளுக்கு மாற்றி, டயானாவை ஒரு பாதுகாப்பு நிறுவனத்தின் ஏஜென்ட்டாகவே ஆக்கிவிட்டார்கள். சுற்றுவதற்கு முன்னாலும் அவள் துப்புத் துலக்குகிறாள். சக்தியும் சம்பளமும் ஒரே ஆளிடம். இதைத்தான் நம்மால் கற்பனைகூடப் பண்ண முடியவில்லை.

நம் டி.வி.யைப் பாருங்கள். சக்தி உள்ள பெண்ணா? அவள் அம்மனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேய். அதுவும் இல்லாவிட்டால் பாம்பு! ‘நாகினி’ இந்தியிலிருந்து டப்பிங் ஆகி வந்து வீடு வீடாகப் படமெடுத்து ஆடியது. சரி, வேலைக்குப் போகிற பெண்ணா? அவளுக்கு ஒரு சக்தியும் கிடையாது, அழுகிற சக்தியைத் தவிர. ‘கோலங்கள்’ அபி கட்டடக் கம்பெனி நடத்தினாள், ஒப்புக்கொள்கிறேன். 2003-லிருந்து 2009 வரை. ஆறு வருஷத்தில் அவள் கட்டிய கட்டடங்களைவிட வடித்த கண்ணீர் அதிகம் என்பதைப் பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். 1997-ல் தூர்தர்ஷனில் ‘சக்திமான்’ வந்தான். பெயரிலேயே சக்தி. ஆனால் ஆண். நிருபர் கீதா அவன் பின்னால் ஓடி ஓடி செய்தி சேகரித்தாள். செகரட்டரி வேலையேதான்!

நம்மிடம் சரக்கு இல்லாமலும் இல்லை. 1937-லேயே தமிழில் ‘மின்னல் கொடி’ என்று படம் வந்தது. கே.டி. ருக்மணி ஆண் வேஷத்தில் கொள்ளைக்காரியாக வந்து கலக்கினார். 1984-ல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழின் நாயகி ஒரு பெண். மாடஸ்டி! லண்டன் சரக்குதான், பரவாயில்லை. சிவகாசி அச்சகத்துக்காரர்களுக்கு இருந்த தைரியம் நம் சேனல்காரர்களுக்கு வரவில்லையே. 2025-ல் மலையாளத்தில் ‘லோகா’ வந்து ஓட்டமாக ஓடியது. கல்யாணி பிரியதர்ஷன் நடித்த சந்திரா ஒரு யட்சி. கள்ளியங்காட்டு நீலி. ஆனால் பெங்களூரில் ராத்திரி ஷிப்டில் கபேயில் வேலை பார்க்கிறாள். அந்த வேலைதான் எனக்குப் பிடித்தது. நீலி நமக்கும் தெரிந்தவள்தானே? பழையனூர் நீலியை வைத்துப் பயமுறுத்த மட்டும் கற்றுக்கொண்டோம்.

அம்மன் விஷயத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர்க்காரனுக்கு இதில் கூடுதல் பெருமை உண்டு. விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்ததும் முதலில் கோயில் கட்டியது நிசும்பசூதனிக்கு. அசுரனைக் காலில் போட்டு மிதிக்கிற உக்கிர ரூபம். பெரிய கோயிலுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தைய கதை. நானும் போய்க் கும்பிட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று கவனியுங்கள். நிசும்பசூதனி யாரிடமும் கூலி கேட்க மாட்டாள். அபிஷேகம் முடிந்தால் கதவைச் சாத்திப் பூட்டிவிடலாம். பெண்ணுக்குச் சக்தி உண்டு என்பதை கருவறைக்குள் ஒப்புக்கொள்கிறவனுக்கு, அதைக் களத்துமேட்டில் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது வசதியாகிவிடுகிறது. நான் பி.காம் படித்தவன். எங்கள் பாஷையில் சொன்னால், சாமி கணக்கில் வரவு வைத்துவிட்டுப் பெண் கணக்கில் பற்று எழுதாமல் விடுவது. பேலன்ஸ் எப்படி டேலி ஆகும்?

அம்மன் வேண்டாம், பேய் வேண்டாம், நிஜத்தில் ஒருத்தி வேண்டும் என்றால் எங்கள் டெல்டாவிலேயே இருந்தார். மணலூர் மணியம்மை. பழைய தஞ்சை மாவட்டத்து பிராமணக் குடும்பம். சின்ன வயதில் விதவை. அந்தக் காலத்து பிராமண விதவைக்கு என்ன உடுப்பு என்று உங்களுக்குத் தெரியும். மொட்டைத் தலை, ஒரு துணி, சமையல்கட்டு இருட்டு. மணியம்மை என்ன செய்தார்? கிராப்பு வைத்துக்கொண்டார். வேட்டி கட்டினார், சட்டை போட்டார். காங்கிரசில் ஆரம்பித்துக் கம்யூனிஸ்ட் ஆகி, பண்ணையாட்களைச் சங்கமாகத் திரட்டினார். பண்ணையில் தப்பு செய்தால் சாணிப்பால் குடிக்க வைத்த, சவுக்கால் அடித்த காலம் அது. மிராசுகளின் கோட்டைக்குள் நின்றுகொண்டு அதைத் தட்டிக் கேட்டவர்களில் ஒருவர் இவர். டி.வி. டயானா 1942-ல் நாஜிகளோடு சண்டை போடுகிற அதே நாற்பதுகளில் நடந்தது இது.

லிண்டா கார்ட்டர் எபிசோடுக்கு எபிசோடு சுற்றிச் சுற்றி உடுப்பு மாற்றினார். மணியம்மை ஒரே தடவைதான் மாற்றினார். திரும்பி மாற்றிக்கொள்ளவே இல்லை.

அவர் முடிவும் எந்த காமிக்ஸ்காரனும் எழுதத் துணியாத முடிவு. 1953-ல் ஒரு மான் முட்டி இறந்து போனார். ராஜம் கிருஷ்ணன் ஊர் ஊராக அலைந்து விசாரித்து அவர் வாழ்க்கையை ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்று நாவலாக எழுதினார். அத்தோடு சரி. கிராப்பு, வேட்டி, சட்டை என்று ஓவியருக்கு அல்வா மாதிரி ஒரு உருவம். யாராவது ஒரு படக்கதை போட்டோமா? ஒரு பத்து வாரத் தொடர்? அக்கா பொண்ணிடம் கேட்டேன், மணியம்மை தெரியுமா என்று. “பெரியார் வைஃப்தானே மாமா?” என்றாள். அது வேறு மணியம்மை என்று சொல்லவே எனக்கு ஒரு நிமிஷம் ஆனது.

மழை வெறித்தபோது அவளைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். நடவு நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் நாற்று பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். நடவு மெஷின் வந்துவிட்டது, ஆனால் சேறு ஆழமான வயலுக்கும் மழை நாளுக்கும் இன்னும் கைதான். வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து நட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சேலைக்கு மேல் முழுக்கை ஆம்பளைச் சட்டை. தலையில் துண்டு. டெல்டாவில் எந்த ஊர் வயலுக்குப் போனாலும் இந்த உடுப்பைப் பார்க்கலாம்.

“ஏன் மாமா எல்லாரும் ஷர்ட் போட்டிருக்காங்க?”

வரப்பில் நாற்று முடி எடுக்க வந்த அம்மாவே பதில் சொன்னார். “சேலை சேத்துல இழுபடாது பாப்பா. வெயில், சோளை, பூச்சி... எல்லாத்துக்கும் இதுதான் கவசம். மோட்டார் கொட்டாய்ல மாத்திக்கிட்டு இறங்கிடுவோம்.”

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. திரும்பி வரும்போதுதான் கேட்டாள்: “மாமா, டயானாவுக்கு எவ்ளோ சம்பளம்னு அந்த சீரியல்ல சொல்லவே இல்ல. ஸ்டீவுக்கு நிச்சயம் ஜாஸ்தி இருக்கும் இல்ல?”

கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஒரு வருஷம் ஞாபகம் வந்தது. 1976. அங்கே ‘வொண்டர் வுமன்’ டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்த வருஷம். இங்கே நம் பார்லிமென்ட் சம ஊதியச் சட்டம் நிறைவேற்றிய வருஷம். ஒரே மாதிரி வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தேர்வுக்குப் படித்து மார்க் வாங்கிய சட்டம். இப்போது அது புதிய ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, சாரம் அதேதான். ஆனால் சட்டத்துக்குத் தண்ணி காட்ட ஊருக்குத் தெரியாதா? அதான் வேலையையே பிரித்து வைத்திருக்கிறார்களே. நாற்று பறிப்பது ஒரு வேலை, நடுவது வேறு வேலை; இது வேறு கூலி, அது வேறு கூலி. எது கஷ்டம் என்று முடிவு பண்ணுவது யார்? திண்ணை. நாள் முழுக்கக் குனிந்து நிற்பது ‘லேசான வேலை’ என்று திண்ணையில் உட்கார்ந்தவர் எப்போதோ தீர்மானித்துவிட்டார்.

சாயங்காலம் அவர்கள் போர் குழாயில் கை கால் கழுவிக்கொண்டு, சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பெரியப்பா கூலி நோட்டை எடுத்தார். நீள நோட்டு, சிவப்பு பைண்டு. அக்கா பொண்ணு பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பக்கத்தில் இரண்டு கட்டம். ஆண். பெண். கீழே இரண்டு வேறு தொகை.

“ஏன் தாத்தா ரெண்டு கட்டம்?”

“அது வழக்கம்மா.”

“யாரு போட்ட வழக்கம்?”

பெரியப்பா நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். பழைய வருஷங்கள். ஏதோ ஒரு பக்கத்தில் நிறுத்தி என் பக்கம் திருப்பிக் காட்டினார். காலேஜ் லீவில் ஊரில் இருந்தபோது கணக்கு எழுதியது நான்தான். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில் நேராகக் கோடு இழுத்து, இரண்டு கட்டம். தலைப்பில் என் கையெழுத்து.